நாலு காற்சட்டை போட்ட சூனியக்காரி

இங்கே டென்மார்க்கில், புரொண்பியில் ஒரு சிறுவர் நிலையத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி போன கிழமை தொலைபேசியில் கேட்டாள்: "அன்ரி, ஹாலோவீன் வருது. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாப் போகவேணும். என்னத்தைக் கவனிக்கிறது?" பேயைக் கவனிக்காதே, பெற்றோரைக் கவனி என்றேன். அவள் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. ஆகவே அவளுக்கும், அவளைப் போல இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்குமாக இதை எழுதுகிறேன். முழங்கால் இரண்டும் என்னிடம் விடைபெற்றுக்கொண்டதால் வேலையும் விடைதந்துவிட்டது. எழுத நேரம் தாராளமாக இருக்கிறது.

நான் இஷொயில் பெடகோவாக, அதாவது சிறுவர் பராமரிப்பாளராக, இருந்தவள். பள்ளிக்கூடம் விட்டதும் பெற்றோர் வேலையால் வரும்வரை பிள்ளைகள் வந்து நிற்கும் நிலையம் ஒன்றில் இருந்தேன். அதற்கென்று கல்லூரிக்குப் போய்ப் படித்த படிப்பு இது. எங்கள் சனத்திடம் சொன்னால், "ஓ, பிள்ளை பாக்கிறீங்களோ" என்று தலையை ஒரு பக்கம் சாய்த்து இரங்குவார்கள். வேலையில் சேர்ந்த முதல் நாள், மூக்கு வழிந்துகொண்டு நின்ற ஒரு பொடியன் என்னை "மாலா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு மூக்கைத் துடைக்கச் சொன்னான். யாழ்ப்பாணத்தில் என்னை அப்படிக் கூப்பிட என் கணவருக்கே துணிவு இருக்கவில்லை. போகப் போகப் பழகிவிட்டது.

பிள்ளைகள் பேய்வேடம் போட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்கும் இந்த ஹாலோவீன், இந்த நாட்டுக்கு வந்தது எங்களுக்குப் பிறகுதான். நாங்கள் வந்தபோது இங்கே பூசணிக்காய்க்குப் பேய் பிடித்திருக்கவில்லை. எங்களைக் குடிவரவுக்காரர் இருத்திவைத்து நேர்காணல், மேல்முறையீடு, மொழிப்பரீட்சை என்று உலைத்தார்கள். ஹாலோவீனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நேரே உள்ளே வந்து கடைத்தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

எங்கள் நிலையத்தில் அதற்கு ஆயத்தக் கூட்டம் நடக்கும். நீங்கள் இன்னும் அதிகம் கூட்டங்களைப் பார்த்திருக்கமாட்டீர்கள், பார்ப்பீர்கள். நான் சொல்லும் அந்த வருடம், பூசணிக்காய்க்குள் மெழுகுதிரி வைப்பதா, பற்றரி விளக்கு வைப்பதா என்பதில் ஒரு பின்னேரம் முழுவதும் போனது. மெழுகுதிரி கொளுத்தாமல் டெனிஷ்காரருக்குக் கோப்பி இறங்காது. பிள்ளைகளின் போர்வை, வால், செயற்கைத் தலைமுடி எல்லாம் பற்றி எரியும் என்று நான் சொன்னதற்கு, பற்றரி விளக்கில் இதம் இல்லை என்று பதில் வந்தது. கடைசியில் பற்றரி வென்றது. ஆனால் முகங்களைப் பார்த்தால் ஏதோ இழவு வீடு.

பிறகு சீனி. வருடம் முழுவதும் பிறந்தநாளுக்குக்கூடக் கரட் வெட்டிக் கொடுக்கும் நிலையம் அது. ஒரு மாலைக்கு மட்டும் அந்தக் கொள்கையை எப்படி மானத்தோடு கைவிடுவது என்று யோசித்தார்கள். பிறகு இருட்டு. எல்லாப் பிள்ளைகளும் உடுப்புக்கு மேல் ஒளிதெறிக்கும் மஞ்சள் வெஸ்ட் போடவேண்டும் என்று முடிவானது. நல்ல முடிவு. கார்க்காரனுக்குக் கறுப்புப் பேய் தெரியாது. ஆனால் எலும்புக்கூடுகளும் ஆவிகளும் மஞ்சள் வெஸ்ட்டோடு வரிசையில் நின்றபோது, ரோட்டுத் திருத்த வந்த தொழிலாளர்கள் செத்தபிறகும் ஷிஃப்டுக்கு வந்தது போல இருந்தது.

பெற்றோர் கூட்டம் இன்னும் விசேஷம். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு என்ஜினியர் தகப்பன், செந்தில் என்று பெயர், கைப்பேசியை உயர்த்திக் காட்டியபடி எழும்பினார். சாக்லேட்டுக்குள் ஊசியும் பிளேடும் வைத்துக் கொடுக்கிறார்களாம், வீடியோவில் பார்த்தாராம். "மேடம், நாம ஒரு ஸ்கேனிங் ப்ராசஸ் வெச்சுக்கலாமா?" என்று என்னிடம் தமிழில் கேட்டார். என்னோடு வேலை செய்த டெனிஷ்காரி ஒருத்தி இருந்தாள். என் வயதுக்காரி, பேச்சில் எலுமிச்சம்புளி. நான் மொழிபெயர்த்ததும் அவள் சொன்னாள்: ஹாலோவீன் இனிப்பால் பிள்ளைக்கு வந்த தீங்கு என்று தான் கண்டது ஒன்றுதான், பை முழுவதையும் ஒரே மூச்சில் தின்றுவிட்டுத் தன் மடியில் சத்தி எடுத்தது. எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒரு தாய் மட்டும் சிரிக்கவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. அந்த மண்டபத்தில் கேள்வி கேட்டிருக்க வேண்டிய ஒரே ஆள் அவள்தான்.

அவள் பெயர் வதனி என்று வைத்துக்கொள்வோம். எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டேன். "எழுதுங்கோ அன்ரி, பேரை மட்டும் மாத்திவிடுங்கோ" என்றாள். ஊர் முழுக்கத் தெரிந்த கதைக்குப் பெயரை மாற்றச் சொல்கிறாள். மாற்றிவிட்டேன்.

வதனியின் மகள் ஆர்த்திக்கு அப்போது ஏழு வயது. முன்பல் இரண்டும் விழுந்து இன்னும் முளைக்காத பருவம். அவளுக்குக் கச்சான், அதுதான் வேர்க்கடலை, ஆகாது. ஆகாது என்றால் வயிற்றைக் கலக்கும் என்று அர்த்தம் இல்லை. ஒரு துண்டு உள்ளே போனால் உதடு வீங்கும், தொண்டை அடைக்கும், மூச்சுக்குப் பாதை இல்லாமல் போகும். நிலையத்தில் அவளுடைய படத்தோடு, அந்த நேரத்தில் தொடையில் குத்துவதற்கு அட்ரினலின் மருந்து ஊசிப்பேனை ஒன்று இருந்தது. எங்கள் எல்லோருக்கும் அதைக் குத்தப் பழக்கியிருந்தார்கள். டெனிஷ்காரர் எல்லோருக்கும் விஷயம் தெரியும். சமையல் செய்கிறவருக்குத் தெரியும், பஸ் பயணத்துக்கு உதவியாக வரும் மாணவருக்கும் தெரியும். தெரியாதது தமிழருக்கு மட்டும்தான்.

பிள்ளையைச் சேர்த்த அன்றே வதனி என்னைத் தனியாக மறித்தாள். "அன்ரி, வெள்ளையளுக்கு எத்தினை பேருக்கும் சொல்லுங்கோ. எங்கட ஆக்களுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். ஏன் என்று கேட்டேன். "பொம்பிளைப் பிள்ளை. நாளைக்கு ஒரு கலியாணம் எண்டு வரேக்குள்ள, பெட்டைக்கு நோய், வருத்தம் எண்டு கதை நிக்கும்" என்றாள். நான் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மேசைக்குக் கீழே படுத்துக்கொண்டு நாயாக விளையாடிக்கொண்டிருந்தாள். இன்னும் வராத மாமியாருக்குப் பயந்து, இருக்கிற பிள்ளையை ஒளிக்கிறார்கள்.

வதனி ஒரு முறை பட்டும் இருந்தாள். கோல்டிங்கில் சொந்தக்கார வீட்டுப் பிறந்தநாளில், ஆர்த்திக்கு மூன்று வயதாக இருக்கும்போது, கேக்கில் கச்சான் இருந்து, ஆஸ்பத்திரிவரை போய் வந்திருக்கிறார்கள். சனத்துக்குச் சொன்ன காரணம், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பது. அந்த வீட்டு மட்டன் ரோல்ஸ்தான் பழுது என்று கதை போய், அதன்பிறகு அந்த மனுஷி சுட்ட ரோல்ஸை ஒருவரும் தொடவில்லையாம். ஒரு பாவமும் அறியாத ரோல்ஸ்.

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தமிழாக்கள்தான் பிள்ளைக்கு உருட்டி ஊட்டப்போகிறவர்கள், டெனிஷ்காரன் ஒரு அப்பிள் துண்டு தருவதற்கே பெற்றோரிடம் அனுமதி கேட்பான் என்றேன். வதனி தலையாட்டினாள், மனம் மாறவில்லை. என் வாயையோ சட்டம் கட்டியிருந்தது. ஒரு பிள்ளையின் வருத்தத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்ல எங்களுக்கு உரிமை கிடையாது. அது நல்ல சட்டம், மீறாதீர்கள். ஆனால் வாயைத்தான் அது கட்டும், கண்ணைக் கட்டாது. ஆர்த்தி வெளியே போகும் இடமெல்லாம் அந்தப் பேனை என் இடுப்புப் பையில் போனது.

இனிப் பரிமளம் அக்கா. இஷொயில் அந்த அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் இருந்தவர். துப்புரவு வேலை செய்து ஓய்வு பெற்று, தனியாக இருந்தார். கை திறந்த மனுஷி. அவர் வீட்டு வாசலை மிதித்தவர் வாயில் ஒன்றும் வைக்காமல் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. மின்சார மீற்றர் பார்க்க வந்தவனுக்கும் வடை உண்டு. இன்னொரு விசேஷமும் அவரிடம் இருந்தது, காது. கீழே தபால் பெட்டியடியில் இருவர் குசுகுசுத்தால் மூன்றாம் மாடியில் அவருக்குக் கேட்கும். கேட்டது பின்னேரத்துக்குள் கோயில்வரை போய்விடும். வதனி பயந்த ஊர்வாய் என்று ஒன்று இருந்ததென்றால் அதன் தலைமைச் செயலகம் பரிமளம் அக்கா வீடுதான்.

நாங்கள் போட்ட விதிகள் தெளிவானவை. வாசலில் கடதாசிப் பூசணி ஒட்டிய வீட்டுக்கு மட்டும் போவது. முகமூடி வேண்டாம், கண் மறைக்கும். முகத்தில் வர்ணம் பூசலாம். பாவாடை கணுக்காலுக்கு மேலே. கடதாசி சுற்றிய இனிப்பு மட்டும் வாங்குவது. நிலையத்துக்குத் திரும்பிவந்து நாங்கள் பார்த்துத் தரும்வரை எதையும் வாயில் வைப்பதில்லை. கதவு திறக்கப்போகிற வீடுகளுக்கெல்லாம் போய் நானே சொன்னேன். பரிமளம் அக்காவும் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டார். ஆனால் கடையில் வாங்கிய இனிப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அவரைப் பொறுத்தவரை பிச்சை போடுவது மாதிரி. ஆகவே தன் கையால் உருண்டை பிடித்தார். விதியை மதித்து, ஒவ்வொன்றையும் மினுங்குகிற செம்மஞ்சள் கடதாசியில் சுற்றி, நுனியை அழகாக முறுக்கிவைத்தார். கடதாசி சுற்றியதா? சுற்றியது. இனி யார் என்ன குறை சொல்வது?

அன்று ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. குளிர் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் சனத்துக்கு ஒக்டோபர் பிறந்தால் வடதுருவம். டெனிஷ் பிள்ளைகள் ஒரு உள்ளாடையும் கம்பளியும் போட்டு மேலே பேயுடுப்பு மாட்டி வந்திருந்தார்கள். ஆர்த்தி சூனியக்காரி. முகம் முழுவதும் பச்சை வர்ணம், கூர்த்தொப்பி, கறுப்பு அங்கி. அங்கிக்குக் கீழே ஒரு இறுக்கக் காற்சட்டை, அதன்மேல் கம்பளிக் காற்சட்டை, அதன்மேல் ஜீன்ஸ், அதற்கும் மேல் தோளில் பட்டி மாட்டுகிற பஞ்சு வைத்த பனிக் காற்சட்டை. விளக்குமாற்றில் பறக்க வேண்டிய பிள்ளை உருண்டுகொண்டு வந்தாள். "சளி பிடிச்சிடும் அன்ரி" என்றாள் வதனி. அவளுடைய வீட்டிலும் ஒரு ஊசிப்பேனை இருக்கிறதே, கொண்டுவந்தாயா என்று காதுக்குள் கேட்டேன். வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்றாள். எங்கே என்று பிறகுதான் தெரிந்தது: சாமித்தட்டில், திருநீற்றுப் பேணிக்குப் பின்னால். வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதாம்.

"இனிப்பா, வில்லங்கமா" என்று டெனிஷில் கத்திக்கொண்டு படியேறினோம். டெனிஷ்காரி கடைசிப் பிள்ளைகளோடு கீழே நின்றாள். நான் நடுவில், வால் கழன்ற ஒரு பூனைக்கு வால் குத்திக்கொண்டிருந்தேன். ஆர்த்தியும் வதனியும் இன்னும் சில பிள்ளைகளும் பெற்றோரும் மூன்றாம் மாடிக்குப் போய்விட்டார்கள். ஆறேழு படி தள்ளித்தான் நான். எல்லாம் காதில் விழுந்தது.

பரிமளம் அக்கா கதவைத் திறந்து பிள்ளைகளைப் பார்த்துப் பூரித்துப் போனார். ஒவ்வொருவர் பையிலும் ஒவ்வொரு உருண்டை போட்டார். ஆர்த்தியின் முறை வந்ததும், எங்கட பிள்ளை அல்லவா, பையில் போட மனம் வரவில்லை. கடதாசியைப் பிரித்தார். ஆர்த்தி நன்றாகப் பழக்கப்பட்டவள், உடனே "நை தக்" என்று சொன்னாள். வேண்டாம், நன்றி என்று டெனிஷ்காரருக்குச் சொன்னால் அதோடு விஷயம் முடியும். எங்கள் ஆட்களுக்கு அது உபசாரத்தின் தொடக்கம். "வெக்கமோ? ஆ காட்டு பாப்பம்" என்றார் அக்கா. வதனி, "அவ பிறகு சாப்பிடுவா அக்கா" என்றாள். "பிறகென்ன பிறகு. பயத்தம் உருண்டைதானே" என்று பிள்ளையின் வாய்க்குள் தன் கையால் வைத்துவிட்டார்.

வதனி பிறகு என்னிடம் சொன்னாள்: பயத்தம்மா என்றால் பயமில்லை என்று நினைத்தாளாம். "கச்சான் கிச்சான் போட்டதோ அக்கா" என்ற ஒரு கேள்வி நாக்கு நுனிவரை வந்ததாம். கேட்டால், ஏன் கேட்கிறாய் என்று அக்கா கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் கோயில்வரை போகும். கேள்வியை விழுங்கிவிட்டாள். பிள்ளை உருண்டையை விழுங்கிவிட்டது. அக்கா, இந்த நாட்டுப் பயறு சப்பென்று இருக்கிறதென்று ருசிக்குக் கச்சானை வறுத்து இடித்துச் சேர்த்திருந்தார்.

முதலில் கேட்டது இருமல். பிள்ளைகள் சிரித்தார்கள். சூனியக்காரி அல்லவா, இருமிக் காட்டுகிறாள் என்று நினைத்து ஒருவன் கைதட்டினான். பரிமளம் அக்கா பிள்ளையின் உச்சந்தலையில் தட்டி, "புரைக்கேறிப்போட்டுது. ஊரில ஆரோ நினைக்கினம்" என்றார். ஒரு தாய் தண்ணீர் என்றார், இன்னொருவர் சீனி என்றார். வதனி சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்தாள். நான் பூனையை விட்டுவிட்டு ஏறினேன்.

முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பச்சை வர்ணத்துக்குக் கீழே சிவந்திருக்கிறதா, தடித்திருக்கிறதா, யார் கண்டது? கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். "மாலா" என்று கூப்பிட்டாள். அந்தக் குரல் அவளுடையது இல்லை. கரகரத்து, ஒடுங்கி, ஒரு கிழவியின் குரலாக இருந்தது. அதைக் கேட்டும் பிள்ளைகள் சிரித்தார்கள், அவ்வளவு நல்ல நடிப்பு.

இந்த இடத்தில்தான் உங்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. ஊசிப்பேனையைப் பிடிக்கும் விதம் யாரும் பழக்குவார்கள், அதை விடுங்கள். என் டெனிஷ்காரி ஒரு பயிற்சி நாளில் சொன்னாள்: சந்தேகமா, குத்து, மன்னிப்பைப் பிறகு கேட்கலாம். அன்று நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். அந்தப் படியில் நின்றபோது என் தலைக்குள் ஒரு குரல், நடிப்பாக இருந்தால் என்ன செய்வாய், ஊர் சிரிக்கும் என்றது. எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளைக்காகப் பயம் பாதி, சனத்துக்கு முன்னால் மடத்தனமான காரியம் செய்துவிடுவேனோ என்ற வெட்கப் பயம் பாதி. அந்த இரண்டாவது பயத்தை இனங்காணப் பழகுங்கள். பொறுத்துப் பார்ப்போம், பதறாதே என்று அது புத்திசாலி மாதிரிப் பேசும். அது நிதானம் இல்லை.

நான் பிள்ளையைப் படியில் இருத்திப் பேனையை எடுத்தேன். அப்போதுதான் வதனி என் கையைப் பிடித்தாள். "அன்ரி, உள்ளுக்க கொண்டுபோவம். எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும்" என்றேன்.

தொடையில் குத்த வேண்டும். தொடை எங்கே? நாலு காற்சட்டைக்குக் கீழே. மெல்லிய உடுப்பென்றால் மேலாலேயே குத்தலாம். அந்தப் பஞ்சு மூட்டையில் குத்தினால் மருந்து பஞ்சுக்குத்தான் போகும். அங்கியைத் தூக்கினேன், பட்டி கழலவில்லை, கொளுக்கி இறுகிவிட்டது. "அக்கா, கத்தரிக்கோல்" என்று கத்தினேன். பரிமளம் அக்காவுக்கு என்ன நடக்கிறதென்று ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்காமல் ஓடிப்போய்க் கொண்டுவந்து தந்தார். அந்த மனுஷி வாழ்க்கையில் கேள்வி கேட்காத ஒரே தடவை அதுதான். பட்டியை வெட்டி, எல்லாவற்றையும் சேர்த்துக் கீழே இழுத்து, வெளித்தொடையில் குத்திப் பிடித்தேன். ஆர்த்தி அலறினாள். அலறுவதற்கு மூச்சு இருக்கிறதே என்று எனக்கு அழுகை வந்தது.

செந்தில் எனக்கு அருகே நின்று அவசர இலக்கம் 112க்குப் பேசிக்கொண்டிருந்தார். நான் சொல்லவே இல்லை. பிளேடுக்கும் ஊசிக்கும் பயந்த அதே மனிதர், முகவரி, மாடி, பிள்ளையின் வயது, ஊசி போட்டாகிவிட்டது என்று ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லி, "அக்கா, லைன்லயே இருக்கச் சொல்றாங்க, நான் இருக்கேன். நீங்க குழந்தையைப் பாருங்க" என்றார். கூட்டத்தில் அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. டெனிஷ்காரி மற்றப் பிள்ளைகளை மஞ்சள் வெஸ்ட்டோடு கீழே இறக்கி, பெரிய குரலில் பாட்டுப் பாடவைத்தாள். படிக்கட்டு முழுவதும் அந்தப் பாட்டுக் கேட்டது.

ஆர்த்தியை என்மேல் சாய்த்து இருத்தியிருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு இளகியது, குரல் திரும்பியது. திரும்பிய குரலில் முதலில் கேட்டது, தன் இனிப்புப் பை எங்கே என்று. அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. பிள்ளை தேறிவிட்டாள் என்று அங்கேயே விட்டுவிடாதீர்கள். மருந்தின் வேகம் தணிந்தபின் மூச்சடைப்பு திரும்பவும் வரலாம், ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். ஒரு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள்.

அடுத்த நாள் நான் பார்க்கப் போனேன். பச்சை வர்ணம் கழுவப்பட்டு, கட்டிலில் இருந்து கார்ட்டூன் படம் பார்த்துக்கொண்டிருந்தாள் பிள்ளை. வதனி என்னை ஆஸ்பத்திரி நடைவழியில் நிறுத்திக் கண்ணீர் விட்டாள், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எண்டாலும் அன்ரி, நீங்கள் உள்ளுக்க கொண்டுபோயிருக்கலாம்." வீட்டுக்கு வந்துதான் பொருமினேன்.

கதை பரவத்தான் செய்தது. வதனி பயந்ததைவிட வேகமாகப் போனது. ஆனால் எங்கள் ஊர்வாய்க்குக் குறி தப்பும். ஆர்த்தியின் வருத்தத்தை இரண்டு நாள் கதைத்தார்கள். மூன்றாம் நாள் யாரோ ஒருவருடைய மகன் படிப்பைக் குழப்பிவிட்டு டெனிஷ் பெட்டையோடு போய்விட்டான் என்று வந்ததும் கச்சான் அலுத்துவிட்டது. நாலு வருடம் கட்டிக்காத்த ரகசியத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

அகப்பட்டவர் பரிமளம் அக்கா. பிள்ளைக்கு ஏதோ வைத்துக் கொடுத்துவிட்டார், பழையதைக் கொடுத்துவிட்டார், அவர் கையே அப்படி என்று பேச்சு. ஊரைக் கதைத்த வாயை ஊர் கதைத்தது. நியாயமான தண்டனை என்று நீங்கள் நினைக்கலாம், நானும் ஒரு நாள் நினைத்தேன். பிறகு போய்ப் பார்த்தேன். அடுப்பு மூட்டாமல், கடையில் வாங்கிய பாணைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் ஒரு பிஸ்கட்டும் வைக்கவில்லை. "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் குடுத்திருப்பனோ, மாலா?" என்று கேட்டார். கோல்டிங்கில் அந்த ரோல்ஸ் மனுஷியும் இப்படித்தான் யாரிடமாவது கேட்டிருப்பார்.

நான் அதை அப்படியே வதனியிடம் போய்ச் சொன்னேன். பிள்ளையின் விஷயம்தான் ரகசியம், பரிமளம் அக்கா பாணைத் தின்பது ரகசியம் இல்லை. அதற்கடுத்த கிழமை அவள் மகளையும் கூட்டிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போயிருக்கிறாள். என்ன கதைத்தார்கள் என்று இருவரும் சொல்லவில்லை. சாமித்தட்டில் இருந்த ஊசிப்பேனை ஆர்த்தியின் பள்ளிப் பைக்குள் வந்தது, அது மட்டும் எனக்குத் தெரியும்.

அடுத்த ஹாலோவீன்தான் நான் வேலையில் இருந்த கடைசி ஹாலோவீன். பற்றரி விளக்கா மெழுகுதிரியா என்று மறுபடியும் கூட்டம் நடந்தது, அதை விடுங்கள். ஆர்த்தி திரும்பவும் சூனியக்காரி. இந்த முறை காற்சட்டை இரண்டு. இரண்டாவதுக்கே தாயும் மகளும் பெரிய போர் நடத்தியிருந்தார்கள்.

பரிமளம் அக்கா கதவைத் திறந்தார். கையில் கடை இனிப்புத் தட்டு. மனுஷிக்கு அது எவ்வளவு பெரிய இறக்கம் என்று எனக்குத் தெரியும். ஆனால் சும்மா கொடுக்கவில்லை. குடிவரவு அதிகாரி மாதிரி ஒவ்வொரு பிள்ளையையும் வாசலில் நிறுத்தி விசாரித்தார். டெனிஷ் பிள்ளைகளிடம் துப்புரவு வேலையில் பழகிய டெனிஷில் கேட்டார், தமிழ்ப் பிள்ளைகளிடம் தமிழில், "உனக்கு என்ன ஒத்துக்கொள்ளாது?" ஆர்த்தி வீட்டில் எதைக் கேட்டாலும் டெனிஷில் பதில் சொல்கிற பிள்ளை. அன்று தொப்பியை நிமிர்த்திக்கொண்டு, "கச்சான்!" என்று படிக்கட்டு அதிரச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் இவ்வளவு திருத்தமாக வேறு ஒரு சொல்லும் வராது. பின்னால் நின்ற வதனி, எல்லோரும் பார்க்க, "ஓம் அக்கா, கச்சானும் மற்றக் கொட்டையளும்" என்றாள். அவளுடைய முகம் சிவந்திருந்தது, ஆனால் குரலைத் தாழ்த்தவில்லை.

அவர்களுக்குப் பின்னால் ஒரு இளம் தாய், கையில் எலும்புக்கூடு வேடம் போட்ட சின்னப் பொடியன். தமிழ்ப் பெட்டைதான், அந்த மாடிக்குப் புதிது. அவள் படியில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அக்காவின் காதடியில் குனிந்து, "எங்கட பெடியனுக்கும் அக்கா… முட்டை ஆகாது" என்று முணுமுணுத்தாள்.

கீழே தபால் பெட்டியடியில் குசுகுசுத்தால் மூன்றாம் மாடியில் கேட்கிற பரிமளம் அக்கா, காதுக்குப் பின்னால் கையை மடித்து வைத்துக்கொண்டார்.

"பலத்துச் சொல்லு பிள்ளை" என்றார். "எனக்குக் கேக்கேல்லை."